கொழும்பில் பழைய ரேசர் தேடுகிறவர்களுக்கு

பழைய சேஃப்டி ரேசர் சேர்க்கத் தொடங்கும் பலர் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். 1950களின் கடைசியில் வந்த தங்க முலாம் டாகிள், 1958 முதல் 1961 வரை உற்பத்தியான ஃபேட்பாய், 1903ஐ ஒட்டிய இரட்டை வளையப் பிடி என்று ஜில்லெட் ரகங்களாக அந்தப் பட்டியல் நீளும். எல்லாம் அருமையான சாமான்தான். ஆனால் இலங்கைக்குக் கப்பலில் வந்து இறங்கியது பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. ஆகவே கொழும்பில் இருப்பவர் "மேட் இன் இங்கிலண்ட்" என்று அடித்திருப்பதைச் சேர்ப்பதுதான் புத்தி. ஜில்லெட்டின் டெக், அரிஸ்டோகிராட், ராக்கெட், அவற்றோடு ரோல்ஸ் ரேசர், வேலட் ஆட்டோஸ்ட்ராப், வில்கின்சனின் ஏழுநாள் பெட்டி (நாளுக்கு ஒன்றாக ஏழு பிளேட்): தேடினால் கையில் அகப்படக் கூடியவை இவை.

எங்கே தேடுவது? பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கறுவாத்தோட்டப் பக்கத்துப் பழைய வீடுகள் காலியாகும்போது அலுமாரிச் சாமான்கள் மொத்தமாக வெளியே போகும். நல்ல மரத் தளபாடம் பழம்பொருள் கடைக்குப் போகும். சில்லறைச் சாமான் பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவரிடம் பித்தளை நிறைக்குப் போய்விடும். மருதானை, பஞ்சிகாவத்தை, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் பழைய பூட்டு, கடிகாரம், தராசு வைத்திருப்பவர்களிடம் ரேசர் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெட்டியைப் பார்த்து மணிப்பர்ஸ் என்று நினைத்து மூலையில் போட்டிருப்பார்கள். "நானா, இதை ஒருக்கா கழற்றிப் பார்க்கட்டா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கழற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

கடைக்குப் போகும்போது ஒரு புதிய பிளேட், சிறிய டார்ச், பூதக்கண்ணாடி, காது குடையும் பஞ்சுக் குச்சி, சின்னக் காந்தம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பு அல்லது உருக்கு. ஒட்டாவிட்டால் பித்தளை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், நாக வார்ப்பும், அதாவது துத்தநாகத்தை உருக்கி வார்த்ததும், ஒட்டாது. இரண்டையும் பிரிக்க அரிப்பைப் பார்க்க வேண்டும். முலாம் உரிந்த இடத்தில் மஞ்சளோ பச்சைக் களிம்போ தெரிந்தால் பித்தளை. முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் சாம்பல் வெள்ளைப் பொடி இருந்தால் நாக வார்ப்பு. பித்தளையை மீட்கலாம். நாக வார்ப்பு அரிக்கத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். கடல் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த வார்ப்புத் தலைகளில் பிளேட் உட்காரும் விளிம்பே கரைந்து போயிருக்கும்.

அடுத்தது கழுத்து. 1920கள், 1930களின் ஜில்லெட் பிடிகள் பல, மெல்லிய பித்தளைக் குழலால் ஆனவை. பிடியின் மேல் நுனியில், பிளேட்டுக்குக் கீழே இருக்கும் அடித்தகட்டைத் தொடும் இடத்தில், மயிரிழை போல நெடுக்காக ஒரு வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நகத்தை வைத்துச் சுற்றிலும் தடவினால் தட்டுப்படும். பிளேட் இல்லாமல் முறுக்கி ஒருமுறை, தளர்த்தி ஒருமுறை பாருங்கள். முறுக்கும்போது கோடு அகன்றால் அந்தப் பிடி பாவனைக்கு உதவாது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தான் சரி.

இந்த வெடிப்பு அளவுக்கு மீறி முறுக்கியதால் மட்டும் வருவதல்ல. குழலை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் அந்த இழுவிசை உலோகத்தைப் பிளக்கும். இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைகளின் தோட்டாக்களில்தான் இது பெரிதாகத் தெரியவந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைக் கூடுகள் யாரும் தொடாமலே கீறிப் பிளந்தன. குதிரைச் சிறுநீரின் அமோனியாதான் காரணம் என்ற விளக்கம் 1921இல் வந்தது. நமக்கு இதனால் வரும் பாடம் நேரடியானது: அமோனியா கலந்த எதையும் பழைய ரேசரில் படவிடாதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றிலும், பிராசோ போன்ற பித்தளைப் பொலிஷிலும் அது இருக்கிறது. ஃபேட்பாய், ஸ்லிம் போன்ற, வெட்டும் அளவை எண் வைத்துக் கூட்டிக் குறைக்கும் ரகங்களில் எண்களின் கறுப்பு மையையும் அது கரைத்துவிடும்.

கழுத்து நன்றாக இருந்தால் பிளேட்டைப் போட்டுப் பாருங்கள். இன்றைய இருமுனை பிளேட் ஏறக்குறைய 43 மில்லிமீற்றர் நீளம், 22 அகலம், 0.1 தடிப்பு. நூறு வருடப் பழைய மூன்று துளை ரேசரிலும் அது உட்காரும். மேல்தகடு, அடித்தகடு, பிடி என்று பிரியும் மூன்று துண்டு ரேசராக இருந்தால் மேல்தகட்டைக் கவிழ்த்து, பிளேட்டை வைத்து, அடித்தகட்டை அழுத்திப் பிடித்தபடியே பிடியை முறுக்க வேண்டும். அழுத்தாமல் முறுக்கினால் நல்ல ரேசரிலும் பிளேட் கோணலாகத்தான் நிற்கும். பிறகு நுனியை மூக்குக்கு நேரே பிடித்து இரு பக்கமும் பிளேட் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா, அதன் விளிம்பு, கீழே தோலைக் காக்கும் காப்புத் தகட்டுக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றால், மேல்தகட்டை மட்டும் 180 பாகை திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். கோணல் மேல்தகட்டோடு சேர்ந்து இடம் மாறினால் வளைந்தது மேல்தகடு. இருந்த இடத்திலேயே இருந்தால் அடித்தகடு. மேல்தகட்டின் மூலை வளைந்திருந்தால் அதை நிமிர்த்தும் வேலைக்குப் போக வேண்டாம், வளைவின் வடிவமே கெட்டுவிடும். சீப்புப் பல் வைத்த அடித்தகட்டில் ஒரு பல் மட்டும் வளைந்திருந்தால், குறட்டின் வாய்க்கு மெல்லிய மரச்சீவல் வைத்து மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே பல்லைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். முதல் முறை எவ்வளவு நிமிர்கிறதோ அதோடு விட்டுவிடுவது நல்லது.

தலை ஒரு ரேசரில் இருந்தும் பிடி இன்னொன்றில் இருந்தும் வந்த கலப்படம் நிறையக் கிடைக்கும். பாவிப்பதற்குக் குற்றமில்லை, ஆனால் முழுச் செட்டின் விலை கொடுக்கக் கூடாது. இரண்டின் முலாம் தேய்ந்த விதமும் நிறமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மரையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஜில்லெட்டின் டெக், நியூ ரகங்களின் மரை 10-32 என்ற அங்குல அளவு. இப்போது வரும் ரேசர்களில் பெரும்பாலானவை எம் 5. முன்னதன் விட்டம் 4.83 மில்லிமீற்றர், பின்னது 5. புதிய பிடியைப் பழைய தலைக்குப் பூட்டினால் தொளதொளவென்று நிற்கும். புதிய தலையைப் பழைய பிடிக்குள் விட்டால் இரண்டு சுற்றில் இறுகிவிடும். அதற்கு மேல் பலவந்தம் செய்தால் மரை போகும், அல்லது கழுத்து வெடிக்கும்.

காலம் கணிக்க அமெரிக்க ஜில்லெட்டில் வழி இருக்கிறது. 1950களில் இருந்து அடியில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும். ஏ என்றால் 1955, பி 1956, இப்படியே போய் எஃப் 1960. இலக்கம் காலாண்டைக் காட்டும். இங்கிலாந்து ரேசர்கள் பலவற்றில் இந்தக் குறியே கிடையாது. பெட்டியின் அமைப்பு, அடித்தகட்டின் துளைகள், முத்திரையின் வடிவம் ஆகியவற்றை வைத்தே கணிக்க வேண்டும். லண்டன் கிரேட் வெஸ்ட் வீதியில் 1937இல் திறந்த ஜில்லெட்டின் ஐசில்வர்த் ஆலையின் படத்தைப் பழைய விளம்பரங்களில் பார்க்கலாம். அங்கே உற்பத்தி நின்றது 2006இல்.

அடிக் குமிழைத் திருகினால் கதவு போல் திறக்கும் ரகங்களுக்கு, அதாவது அரிஸ்டோகிராட், ராக்கெட் போன்றவற்றுக்கு, சோதனை வேறு. இரு கதவும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் மூட வேண்டும். மூடிய பின் கடைசிக் கால் சுற்றில் கை இறுக்கத்தை உணர வேண்டும். பிளேட் வளைந்து பிடிபடுவது அந்தக் கால் சுற்றில்தான். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது, வழிக்கும்போது பிளேட் துடித்து முகத்தைக் கீறும். குமிழ் அசையவே இல்லை என்றால் பயப்படத் தேவையில்லை. உள்ளே பழைய சவர்க்காரம் கல்லாகி இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, திருகிப் பார்த்து, மறுபடி ஊறவிடுங்கள். குறடு போடாதீர்கள். அசையத் தொடங்கியதும் நன்றாக உலர்த்தி, குமிழ் சுழலும் இடுக்கிலும் கதவின் கீல்களிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டுத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். கூட்டிக் குறைக்கும் ரகமாக இருந்தால், இலக்கத்தை மாற்றுமுன் குமிழை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். பிளேட் இறுகியிருக்கும்போது திருப்பினால் முழுச் சுமையும் உள்ளிருக்கும் பொறியின் மேல் விழும். 1க்கும் 9க்கும் நடுவே காப்புத் தகடு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனிக் கழுவுவது. நம் வீடுகளில் பித்தளை என்றால் கை தானாகப் புளிக்கோ தேசிக்காய்க்கோ போகும். குத்துவிளக்குக்கு அது சரி. ரேசருக்கு ஆகாது. புளியின் அமிலம் பித்தளையில் உள்ள நாகத்தைத்தான் முதலில் கரைக்கும், செம்பு மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். வினாகிரியும் அதே வேலையைத்தான் செய்யும். பற்பசையும் சாம்பலும் நிக்கலை மங்கவைக்கும். தங்க முலாம் மிக மெல்லிசு, எந்தப் பொலிஷும் அதற்கு வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற பழைய டூத் பிரஷ், மூலைகளுக்குப் பஞ்சுக் குச்சி, பல்குத்தும் மரக்குச்சி: பத்துக்கு ஒன்பது ரேசருக்கு இவ்வளவும் போதும். கடைசியில் பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் கிருமி பற்றிய கவலை தீரும். மை பூசிய எண்களை மட்டும் நனையவிடாதீர்கள். பேக்லைட் பிடியைக் கொதிநீரில் போட்டால் மினுக்கம் போய்விடும். அலுமினியப் பிடியைச் சோடா கலந்த தண்ணீரில் போட்டால் கறுத்துவிடும்.

புது முலாம் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண டெக் என்றால் தாராளமாகப் பூசுங்கள், அபூர்வ ரகம் என்றால் கையே வைக்காதீர்கள். வாகனப் பாகங்களுக்குக் குரோம் பூசும் பட்டறைகளில் முதலில் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார்கள். அதில் பிடியின் சொரசொரப்பும் முத்திரையும் மழுங்கிவிடும். நகை வேலை பழகிய கை இதற்கு மேல், தங்க முலாம் என்றால் செட்டியார் தெருப் பக்கம் விசாரிக்கலாம். கொடுக்கும்போது "தேய்க்க வேண்டாம், மரைக்குள் முலாம் போகக் கூடாது" என்று இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். கதவு திறக்கும் ரகங்களைக் கழற்றாமல் முலாத் தொட்டியில் இறக்கினால் திரவம் உள்ளே தங்கி அங்கிருந்தே அரிக்கும்.

ரோல்ஸ் ரேசரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்ததும் ஆசைப்பட்டு எல்லாரும் வாங்குவது அதைத்தான். தட்டையான உலோகப் பெட்டி. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல். நடுவில் தடித்த ஒற்றை பிளேட். பெட்டியின் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ள பிளேட் ஒவ்வொரு திருப்பத்திலும் புரண்டு படியும். வழிக்குமுன் ஒவ்வொரு முறையும் தோலில், எப்போதாவது கல்லில். பிளேட் வாங்கும் செலவே இல்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. கல் வெடித்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வெடிப்பின் மேல் ஓடும் கூர் ஒவ்வொரு தட்டிலும் பொடிந்துகொண்டே வரும். தோல் நம் ஈரத்தில் பூஞ்சை பிடித்து உப்பியிருக்கும். உப்பிய தோலில் தீட்டினால் கூர் உருண்டுபோகும். பிளேட்டின் கூரில் கறள் குழி விழுந்திருந்தால் பெட்டிக் கல்லால் அதை எடுக்க முடியாது, சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவர் தட்டைக் கல்லில் எடுக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்த ரோல்ஸ் குறைவு. சேகரிப்புக்கு ஒன்று இருக்கட்டும், தினமும் வழிக்க வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அந்தப் பெயர் பின்னாளில் சலவை இயந்திரம் விற்கப் போய் 1964இல் கவிழ்ந்த கதை தனிக் கூத்து.

வேலட், ஷிக் இஞ்செக்டர், ஜெம் போன்ற, இருமுனை பிளேட் ஏற்காத ரேசர்கள் வாங்கும்போது பிளேட்டுக்கு என்ன வழி என்பதை முதலில் யோசியுங்கள். இவற்றின் பிளேட் கொழும்புக் கடைகளில் தேடிப் பயனில்லை. பெட்டிக்குள் கிடக்கும் பழைய நீல உறை பிளேட்களால் வழிக்க முயல வேண்டாம். அவை கரி உருக்கு, உறைக்குள்ளேயே கறள் பிடித்திருக்கும். உறை பிரியாமல் அப்படியே வைத்தால் அதற்கென்று சேகரிப்பாளர் உண்டு. துருப்பிடிக்காத பிளேட் பரவலானது 1960களின் தொடக்கத்தில்தான்.

வழிப்பதற்கு டெக் போல் சாதுவான ரேசர் இல்லை. தினமும் வழிக்கிற முகத்துக்கு அது போதும். மூன்று நாள் தாடியில் அது அடைத்துக்கொள்ளும், அங்கே சீப்புப் பல் ரகம் நன்றாக ஓடும். கூட்டிக் குறைக்கும் ரேசரை 3இல் தொடங்குங்கள். எந்த ரேசருக்கும் கோணம் கண்டுபிடிக்கும் முறை ஒன்றே: மேல்தகட்டைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்து, பிளேட் மயிரைத் தொடும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். ஏறக்குறைய 30 பாகையில் அது நிற்கும். பிடியின் கனமே வெட்டட்டும், கையால் அமுக்க வேண்டாம். முதல் தடவை மயிர் சாய்ந்த பக்கமாக, மறுபடி சோப்பு பூசிக் குறுக்காக. தாடைக்குக் கீழே எதிர்ப் பக்கமாக வழிக்காமல் விட்டால் வேர்க்கும் ஊரில் கழுத்துப் பருக்கள் பாதி குறையும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வழியுங்கள். விசிறிக் காற்றில் நுரை ஒரு கன்னம் முடிவதற்குள் காய்ந்துவிடும், காய்ந்த நுரையில் பழைய ரேசர் தடுக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் களனி ஆற்று நீர், மென்னீர். கொஞ்சச் சோப்பிலேயே நுரை பொங்கும், பிரஷை நன்றாக உதறிவிட்டுத் தொடங்கினால் கெட்டியாக நிற்கும். அதே சோப்பை யாழ்ப்பாணம் கொண்டுபோனால் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் நுரை எழாது, இரண்டு மடங்கு எடுக்க வேண்டும், ரேசரிலும் வெள்ளைப் படலம் படியும். முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரக் கட்டியைத் தடவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே கை அமுக்கியிருக்கிறது.

வழித்த பின் பிளேட்டை இறுக்கமாக விட்டுவிட்டுப் போவதுதான் இங்கே ரேசர்களைக் கெடுக்கும் பெரிய பழக்கம். உருக்குக்கும் நிக்கலுக்கும் இடையே தங்கும் உப்பு ஈரம் முலாத்தில் பிளேட்டின் அச்சை அப்படியே கறையாகப் பதித்துவிடும். அரைச் சுற்று தளர்த்தி, உதறி, துவாயால் ஒற்றி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். கடற்கரை ஓரத்து வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம். நான்கைந்து முறை வழித்ததும் பிளேட்டை மாற்றிவிடலாம். பழைய பிளேட்டுக்கு, கழுவிக் காயவைத்த டின்பால் பேணியின் மூடியில் இரண்டரை சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டால் போதும், வருடக்கணக்கில் நிறையாது.

சேகரிப்பில் நிற்கும் ரேசர்களை அவற்றின் சொந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தோலும் வெல்வெட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் தொட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு கட்டும். ரேசரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் ரகச் சிலிக்கா வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். பெட்டியை வேறாக வையுங்கள், பூஞ்சை தெரிந்தால் வெயிலில் அல்ல, நிழலில் விசிறிக்குக் கீழே திறந்து வைத்து உலர்த்துங்கள். எது எந்தப் பெட்டிக்கு உரியது என்று ஒரு துண்டு எழுதி இரண்டுக்குள்ளும் போட்டுவிடுங்கள்.